விலை கொடுத்து மீட்ட குடும்பம்

 

வெள்ளி விழா மேடையில் புகழுரை கூறுதல் மரபு. நாம் இன்று அதற்கு மாறாக ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கினை உங்கள் முன் வைக்க விழைகின்றோம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் வாழ்ந்த பிராங்க் மக்வொர்ட்டர் என்னும் கறுப்பின உழவரின் கணக்கு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவர் போட்ட கணக்கு ஒன்றேனும் பிழைபட்டதில்லை என்பதை நீங்களே காண்பீர்கள்.

1777-ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் அடிமைத் தாய் ஒருத்தியின் வயிற்றில் அவர் பிறந்தார். தாயின் பெயர் ஜூடா. அவளை உடைமையாகக் கொண்டிருந்தவனே அவருடைய தந்தை என்று கருதப்படுகின்றது. தந்தை உரிமையாளன், மகன் உடைமை. அந்நாட்டுச் சட்டம் இதில் எந்த முரண்பாட்டையும் காணவில்லை. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பதே அடிமை மாநிலங்களில் விதி. இவ்விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

1795-இல் உரிமையாளன் கென்டக்கியின் காட்டு நிலத்தில் குடியேறியபோது, பதினெட்டு வயது பிராங்கும் உடன் கொண்டு செல்லப்பட்டார். மரம் வெட்டி, வேர் பறித்து, மண் கிளறி அப்பண்ணையை உருவாக்கிய கைகள் அவருடையவை. 1799-இல் லூசி என்னும் பெண்ணை மணந்தார். அவளோ வேறொரு பண்ணையாருக்கு உரியவள். எனவே இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் அனைவரும் லூசியின் உரிமையாளனுடைய சொத்தாயினர். கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் வாழ்வதற்கே இருவர் இசைவு தேவைப்பட்ட வாழ்க்கை அது.

1812-இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் விலை ஏறியது. கென்டக்கியின் குகை மண்ணில் அவ்வுப்பு மிகுதி. மண்ணை நீரில் ஊறவைத்து வடித்து, மரச்சாம்பல் நீர் சேர்த்துக் காய்ச்சினால் வெடியுப்பு கிடைக்கும். பிராங்க் உரிமையாளனுக்குக் குறித்த தொகை செலுத்தித் தம் உழைப்பு நேரத்தைத் தாமே குத்தகைக்கு எடுத்தார். எஞ்சிய நேரத்தில் வெடியுப்புக் காய்ச்சினார். அடிமைக்குச் சொத்துரிமை கிடையாது. அவர் சேர்த்த காசு முழுவதையும் உரிமையாளன் எந்த நாளிலும் பறித்துக்கொள்ளலாம். அந்த அச்சத்தோடேயே அவர் ஆண்டுக் கணக்கில் பணம் சேர்த்தார். 1815-இல் உரிமையாளன் இறந்தான். விடுதலை தரப்படவில்லை, பிராங்க் வாரிசுகளின் உடைமையானார்.

அன்பர்களே! 1817-இல் அவர் கையில் எண்ணூறு டாலர் இருந்தது. இத்தொகையால் ஒருவரை மீட்கலாம். யாரை மீட்பது? தம்மை மீட்டுக்கொண்டால் உழைப்பின் பயன் முழுதும் தமக்கே வரும். அதைக் கொண்டு மற்றவரை விரைவில் மீட்கலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் பிராங்க் முதலில் லூசியை மீட்டார். அப்போது அவள் கருவுற்றிருந்தாள். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்னும் அவ்விதியை, எழுத்தறியாத அந்த மனிதர் முழுமையாக அறிந்திருந்தார். அடிமைகளைப் பெருக்குவதற்காக இயற்றப்பட்ட விதியினைத் தம் குடும்பத்தின் விடுதலைக்குப் பயன்படுத்தினார். எண்ணூறு டாலரில் மனைவியும் விடுதலை பெற்றாள்; அவ்வாண்டில் பிறந்த ஸ்குவயர் என்னும் மகனும் பின்னர்ப் பிறந்த மக்களும் விலையின்றி விடுதலை பெற்றவராயினர். தம் விடுதலைக்கு அவர் மேலும் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1819-இல் வாரிசுகளுக்கு எண்ணூறு டாலர் செலுத்தித் தம்மை வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அடுத்த ஆண்டுக் குடிமதிப்பில் 'விடுதலை பெற்ற பிராங்க்' என்று அவர் பதிவு செய்யப்பட்டார்.

எனினும் முன்னரே பிறந்த மக்கள் அடிமைகளாகவே இருந்தனர். மூத்த மகன், தந்தையின் பெயரையே கொண்டவன், 1826-இல் கனடாவுக்குத் தப்பியோடினான். எல்லை தாண்டித் திரும்பினால் பிடிபடுவான் என்னும் நிலை. 1829-இல் தந்தை தம் வெடியுப்புத் தொழிற்சாலையை முழுவதுமாகக் கொடுத்து மகனின் விடுதலையைப் பெற்றார். பல ஆண்டு உழைப்பில் உருவான தொழில் ஒரு மகனுக்கு ஈடாயிற்று.

1830-இல் இவர்கள் கென்டக்கியை விட்டுப் புறப்பட்டனர். விடுதலை பெற்றவர் வண்டியில் ஏறினர்; ஜூடி, சாலி, சாலமன் ஆகிய மூன்று மக்கள் அடிமைகளாகப் பின்னே நின்றனர். அப்பிரிவின் துயரை விரித்துரைக்க நாம் முற்படவில்லை. 1831 இளவேனிலில் அவர்கள் இல்லினாய் மாநிலத்தின் பைக் மாவட்டத்தை அடைந்தனர். ஹேட்லி என்று பின்னர் அறியப்பட்ட அவ்வட்டாரத்தில் முதற் குடியேறிகள் இவர்களே. இல்லினாய் விடுதலை மாநிலம் என்று பெயர். ஆயினும் அங்கே குடியேறும் கறுப்பின மக்கள் விடுதலைப் பத்திரம் காட்ட வேண்டும். ஆயிரம் டாலருக்குப் பிணை எழுதித் தர வேண்டும். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சான்று கூறவும் இயலாது. ஏறத்தாழ இருபது மைல் தொலைவில் மிசிசிப்பி ஆறு. அதன் அக்கரையில் மிசௌரி என்னும் அடிமை மாநிலம்.

அங்கே அவர் புல்வெளியை உழுது கோதுமையும் மக்காச்சோளமும் பயிரிட்டார். மாடும் பன்றியும் வளர்த்தார். 1835-இல் கென்டக்கிக்கு மீண்டு சென்று ஐந்நூற்றைம்பது டாலர் கொடுத்துச் சாலமனை மீட்டு வந்தார். அக்காலத்தில் அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் கிடைத்தது. சாலமனுக்குக் கொடுத்த தொகையில் 440 ஏக்கர் வாங்கியிருக்கலாம். அண்டை வெள்ளையர் ஒவ்வொரு நல்ல அறுவடைக்குப் பின்னும் நிலத்தைப் பெருக்கினர். இவர் பிள்ளைகளை மீட்டார். ஒரே மண்ணில் ஒரே உழைப்பை இட்டவர்களிடையே செல்வம் ஏன் ஒப்பாக வளரவில்லை என்று வினவுவோர்க்கு இக்கணக்கே விடை.

மீதமுள்ளோரை மீட்க உழவு மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். 1836-இல் அரசிடமிருந்து எண்பது ஏக்கர் வாங்கினார். அதில் 42 ஏக்கரை 144 மனைகளாக வகுத்து, தெருக்கள் குறித்து, வரைபடத்தை முறைப்படி பதிவு செய்தார். நியூ பிலடெல்பியா என்பது அவ்வூரின் பெயர். உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவர் வகுத்துச் சட்டப்படி பதிவு செய்த முதல் ஊர் அதுவே. மனைகளை விற்ற பணம் பிள்ளைகளின் மீட்புக்கு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மனை வாங்கி அருகருகே குடியேறினர். கொல்லர், செருப்புத் தைப்போர், கடைக்காரர் எனத் தொழில் புரிவோர் வந்து சேர்ந்தனர்.

பதிவு செய்த உடைமையைக் காத்தற்கு வழக்காடும் உரிமை வேண்டும். அதற்கு முழுப்பெயர் வேண்டும். அவர் மாநிலச் சட்டமன்றத்திற்கு விண்ணப்பம் செய்தார். 1837-இல் அவருக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பிராங்க் மக்வொர்ட்டர் என்னும் பெயர், உடைமை வாங்கவும் விற்கவும் வழக்காடவும் உரிமை ஆகியன அதனால் உறுதியாயின. அறுபது வயதில் அவர் சட்டத்தின் முன் முழுப்பெயர் பெற்றார்.

1843-இல் மகள் சாலி மீட்கப்பட்டாள். ஜூடியும் மீட்கப்பட்டாள். அவர்களுடைய பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தமையால் கணக்கு முடிவு பெறவில்லை. 1854-இல், தம் எழுபத்தேழாம் வயதில், பிராங்க் காலமானார். பேரப்பிள்ளைகளை மீட்பதற்கு அவர் உயிலிலேயே வழி செய்திருந்தார். 1857-க்குள் மகன்கள் அதனை நிறைவேற்றினர். அவரையும் சேர்த்துப் பதினாறு பேர் விடுதலை பெற்றனர். அதற்கு ஆன தொகை ஏறத்தாழ 14,000 டாலர். லூசி 1870 வரை வாழ்ந்தார். அடிமை முறை ஒழிந்ததைத் தம் கண்ணால் கண்டார்.

ஊரின் கதையையும் கூறி முடிப்போம். 1865-இல் அங்கே ஏறத்தாழ 160 பேர் வாழ்ந்தனர். 1869-இல் வந்த இருப்புப்பாதை அவ்வூரைத் தொடாமல் வடக்கே விலகிச் சென்றது. வணிகம் இருப்புப்பாதையைப் பின்தொடர்ந்தது. மக்கள் மெல்லமெல்ல வெளியேறினர். ஆயினும் 1874-இல் அங்கே எழுந்த பள்ளிக்கூடத்தில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒன்றாகவே பயின்றனர். 1885-இல் ஊரின் பெரும்பகுதி சட்டப்படி கலைக்கப்பட்டது. தெருக்கள் மீண்டும் வயலாயின.

வயலின் கீழ் புதைந்ததை மீட்டெடுத்தவர்கள் யார்? பிராங்கின் வழியில் வந்த ஜூலியட் வாக்கர் என்னும் பெண்மணி வரலாற்றுப் பேராசிரியராகி, குடும்பம் பேணிவந்த பத்திரங்களையும் அரசு ஆவணங்களையும் ஒப்புநோக்கி 1983-இல் அவர் வாழ்வை நூலாக்கினார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அகழாய்வாளர்கள் அம்மண்ணைத் தோண்டி, வீடுகளின் அடித்தளங்களைக் கண்டனர். 2009-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 2022 டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் வந்தது.

மாணவச் செல்வங்களே! விடுதலைப் பத்திரம், நிலப்பத்திரம், மனை வரைபடம், சட்டம், உயில் — இவ்வைந்தையும் அம்மனிதர் தாமே படித்தறிய இயலாதவர். ஆயினும் ஒவ்வொன்றின் வலிமையையும் அறிந்து, முறைப்படி எழுதுவித்து, பதிவு செய்வித்து, பேணிக் காத்தார். அவற்றைப் படிப்பதற்கு அவர் வழியில் ஒரு பேராசிரியர் தோன்றினார். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழந்தாள்கள் கிடக்கலாம். மங்கிய எழுத்தென்று எறிந்துவிடாதீர்கள். எடுத்துப் படியுங்கள், படிக்க இயலாத பெரியோர்க்குப் படித்துக் காட்டுங்கள். இதுவே இவ்விழாவில் உங்களிடம் நாம் வேண்டுவது.