ஒரே சாவி, பல பூட்டுகள்

(சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. பிற ஊர் அங்கத்தினர்களுக்காகச் சற்றுச் சுருக்கித் தரப்படுகிறது.)

 

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதையொட்டி நம்மில் பலர் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பழையதில் இருந்த போட்டோக்களையும் ஸ்லோகப் பாட்டுகளையும் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பாஸ்வேர்ட்களை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கென்றே இருக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் என்ற பெட்டகத்தைப் பத்திரமாக அமைப்பது எப்படி என்று இன்று சொல்கிறேன்.

முதலில், இது எதற்கு? நம் சங்க இதழ்களில் வரும் ஜாதகப் பகுதியை எடுத்துப் பாருங்கள். பெயர், கோத்திரம், நக்ஷத்திரம், பிறந்த தேதி, பூர்வீகம், வேலை எல்லாம் அதில் இருக்கிறது. நம்மில் அநேகர் பாஸ்வேர்ட் வைப்பதும் இவற்றிலிருந்துதான்! குலதெய்வத்தின் பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தால் ஒரு பாஸ்வேர்ட். அதுவே பாங்குக்கும் ஈ-மெயிலுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும். எங்கோ ஒரு சிறிய கடையின் இணையதளத்திலிருந்து அது களவு போனால், திருடன் அதே சாவியை மற்ற எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்ப்பான். ஆகவே ஒவ்வொரு பூட்டுக்கும் வேறு சாவி வேண்டும். அறுபது, எழுபது சாவிகளை மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. அவற்றைப் பெட்டகம் நினைவில் வைத்துக்கொள்ளும். பெட்டகத்தின் ஒரே சாவியை நாம் நினைவில் வைத்தால் போதும்.

பெட்டகத்தை வைக்கும் முன் அறை பத்திரமா என்று பார்க்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டரை இணையத்தில் இணைத்து, விண்டோஸ் அப்டேட்களை ஒன்று விடாமல் முடியுங்கள். கூடவே வரும் விண்டோஸ் செக்யூரிட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரண அக்கவுண்ட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பல புதுக் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதற்கான ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அது பெட்டகத்துக்குள் மட்டும் இருந்தால், வீட்டைத் திறக்கும் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதைதான்.

அடுத்து, எந்த மென்பொருள்? இரண்டைச் சொல்கிறேன். கீபாஸ்எக்ஸ்சி இலவசம், பெட்டகம் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இருக்கும், இணையத்துக்குப் போகாது. பிட்வார்டனில் பூட்டிய பெட்டகம் அந்தக் கம்பெனியின் சர்வரிலும் இருக்கும். அதனால் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றாகப் பயன்படும். அடிப்படை வசதிகள் இலவசம். போனும் முக்கியம் என்பவர்களுக்கு இரண்டாவது எளிது.

இறக்கும்போது ஜாக்கிரதை. கூகிளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள். 2023 அக்டோபரில் கீபாஸ் பெயரில் ஒரு போலி விளம்பரம் அங்கேயே வந்தது. முகவரியின் முதல் எழுத்துக்கு அடியில் ஒரு சிறு குறி மட்டும் கூடுதல். கூர்ந்து பார்த்தாலும் தூசி என்று தோன்றும். ஆகவே கீபாஸ்எக்ஸ்சி டாட் ஆர்க், பிட்வார்டன் டாட் காம் என்று முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம்: பெட்டகத்தின் சாவி, அதாவது மாஸ்டர் பாஸ்வேர்ட். திருப்பாவையின் முதல் அடியையோ ஸஹஸ்ரநாமத்தில் ஒரு நாமத்தையோ வைக்கலாமே என்று மாமிகள் கேட்கிறார்கள். கூடாது. எல்லோருக்கும் தெரிந்த வரி திருடனுக்கும் தெரியும். 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் சொன்ன டைஸ்வேர் முறை சுலபமானது. 7776 ஆங்கிலச் சொற்கள் கொண்ட எண்ணிட்ட பட்டியல் கிடைக்கிறது. தாயக்கட்டை வேண்டாம், ஆறு முகம் கொண்ட பகடையை ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்திலக்க எண் வரும், அதற்கு எதிரே ஒரு சொல் இருக்கும். இப்படி ஆறு சொற்கள் எடுங்கள். சாத்தியமான சேர்க்கைகளின் எண்ணிக்கை 24 இலக்கம் கொண்டது. வந்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள். நாம் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் ஊகிக்க வழி பிறந்துவிடும். ஆறு சொற்களையும் கோத்து வேடிக்கையாக ஒரு கதை கட்டினால் ஒரு வாரத்தில் மனதில் நின்றுவிடும்.

"எல்லா முட்டையும் ஒரே கூடையிலா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்களே களவு போயின. உள்ளே இருந்த பாஸ்வேர்ட்கள் பூட்டியே இருந்தன. ஆனால் நகல் கையில் இருப்பவன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சாவியை ஊகிக்கலாம். எளிய சாவி வைத்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பகடை உருட்டச் சொல்வது இதற்காகத்தான்.

பிட்வார்டன் வைப்பவர்கள் டூ-ஸ்டெப் லாகினையும் போட்டுக்கொண்டு, அது தரும் ரிகவரி கோடை எழுதி வையுங்கள். கீபாஸ்எக்ஸ்சி வைப்பவர்கள் ஃபைலை இரண்டு பென் டிரைவ்களில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இரண்டிலுமே மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்தால் மீட்டுத் தர யாராலும் முடியாது.

பிறகு பழைய பாஸ்வேர்ட்களைக் கொண்டுவர வேண்டும். முதலில் ஈ-மெயில், மற்ற எல்லாவற்றின் "மறந்துவிட்டது" கடிதமும் அங்கேதான் வருகிறது. அடுத்து பாங்க், வருமான வரி, பங்குக் கணக்கு. அப்படியே நகலெடுக்காமல், ஒவ்வொன்றையும் புதிதாக மாற்றிக்கொண்டே போங்கள். நாளுக்கு ஐந்து போதும். "அம்மாவின் பிறந்த ஊர் எது?" போன்ற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, ஏதாவது ஒரு சொல்லைப் போட்டு அதையும் பெட்டகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். க்ரோமிலிருந்து மொத்தமாக எடுத்தால் வரும் சிஎஸ்வி ஃபைலுக்குப் பூட்டே கிடையாது. வேலை முடிந்ததும் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுக்கும் முன் முழுவதும் துடைத்துவிடுங்கள்.

ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் பெட்டகம் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள். பிரௌசரில் அதன் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்தால் இன்னொரு நன்மை: முகவரி சரியாகப் பொருந்தினால்தான் அது பாஸ்வேர்டை நிரப்பத் தரும். பாங்கின் பக்கம் போலவே இருந்தும் அது தரவில்லை என்றால், கையால் டைப் செய்யாமல் நின்று பாருங்கள். அது போலியாக இருக்கலாம்.

எந்தப் பெட்டகத்தாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. பாங்கிலிருந்து என்று போன் செய்து ஓடிபி கேட்பவன், திரையைப் பார்க்க ஒரு ஆப்பை ஏற்றச் சொல்பவன். போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். அது மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண்.

கடைசியாக, மாமாக்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனையோ வீடுகளில் கணக்கு வழக்கு முழுவதும் ஒருவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், எந்த பாங்கில் என்ன இருக்கிறது, இன்ஷூரன்ஸ் எது என்றே மாமிக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளோ புனேயிலும் சியாட்டிலிலும். ஆகவே மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு கவரில் எழதி ஒட்டி, உயில் இருக்கும் இடத்தில் வையுங்கள். இருக்கும் இடத்தை மனைவியிடமும் நம்பகமான ஒருவரிடமும் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: போனவரின் பாஸ்வேர்டைப் போட்டு அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கூடாது. பாங்குக்குத் தெரிவித்து, நாமினி மூலம் முறையாகப் பெற வேண்டும். என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பட்டியலாகவே பெட்டகம் அப்போது உதவும். நாமினி பதிவு சரியாக இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு தம்பதியாக உட்கார்ந்து பகடையை உருட்டுங்கள். ஈ-மெயில் ஒன்றையாவது அன்றே மாற்றிவிடுங்கள்.