முதலில் வேலை, பிறகு கணினி
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பயிற்சிக்குச் செல்லும் இடங்களில் என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "பள்ளிக்கு எந்தக் கணினி வாங்கலாம், சார்?" என்பதுதான். "அதில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பேன். "பள்ளிக்கு ஓர் இணையதளம் தொடங்க வேண்டும்" என்பார்கள் பலர். அப்படியானால் இணையதளத்தை முதலில் தொடங்குங்கள். கணினியைப் பிறகு வாங்குங்கள். ஓர் ஈராசிரியர் பள்ளிக்குக் கணினி வாங்கும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. முன்னாள் மாணவர்கள் சேர்த்துத் தரும் பணம் ஒருமுறைதான் வரும்.

தொடங்கப் பணம் தேவையில்லை. கூகுள் சைட்ஸ் என்ற இலவசச் சேவை இருக்கிறது. ஒரு கூகுள் கணக்கும், இருக்கிற பழைய கணினியில் ஓர் உலாவியும் போதும். எதையும் நிறுவ வேண்டாம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். வெற்றுப் பக்கத்தில் எழுத்துப் பெட்டியைச் சேர்த்து, படத்தை வைத்தால் பக்கம் தயார். 'பப்ளிஷ்' பொத்தானை அழுத்தும் வரை அது வெளியுலகுக்குத் தெரியாது. அதனால் அச்சமின்றிப் பழகலாம். வேர்ட்பிரஸ் மென்பொருளும் இலவசம்தான். ஆனால் சொந்த முகவரியில் நடத்த, முகவரிக்கும் சேமிப்பிடத்துக்கும் தொடர்ந்து கட்டணம் செலுத்த வேண்டும். தொடக்கத்தில் அந்தச் சுமை வேண்டாம்.

மூன்றில் மட்டும் கவனம் தேவை. ஒன்று, கணக்கைப் பள்ளியின் பெயரில் தொடங்குங்கள். இருவருக்காவது திருத்தும் உரிமை இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். இரண்டு, பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றை அப்படியே ஒட்டினால் புரியாத குறிகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒட்டுங்கள். மூன்று, பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் வெளியிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது.

இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். எது தடையாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பக்கம் மெதுவாகத் திறந்தால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். வேகம் கூடினால், குறை இணைய இணைப்பில்தான். புதிய கணினி அதைத் தீர்க்காது. கணினி தொடங்கவே பல நிமிடம் ஆனால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு ஆகும் செலவு புதிய கணினியின் விலையில் சிறு பங்குதான்.

இதற்குப் பிறகும் கணினி தேவையென்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் காலம் பார்த்து வாங்குங்கள். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. மார்ச் இறுதியில் வந்த பெட்டி, தேர்வும் கோடை விடுமுறையும் முடியும் வரை பிரிக்கப்படாமல் பூட்டிய அறையில் கிடக்கும். உத்தரவாதக் காலமோ பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஓராண்டு உத்தரவாதத்தில் இரண்டு மாதம் வீணாகும். நன்கொடைப் பணம் என்றால் ஜூன் மாதத்தில் வாங்குங்கள். மார்ச்சுக்குள் செலவிட்டே ஆக வேண்டிய நிதி என்றால், வந்த அன்றே பெட்டியைப் பிரித்து, விடுமுறைக்கு முன் சில நாள் தொடர்ந்து இயக்கிப் பாருங்கள்.

நிறுவனங்கள் தரும் பழைய கணினிகளை ஏற்கும் முன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: விண்டோஸ் 11 இதில் இயங்குமா? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இவை இல்லாத கணினியையும் ஒதுக்கிவிட வேண்டாம். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால், உலாவியில் நடக்கும் வேலைகளுக்கு அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

நாளை பள்ளிக்குச் சென்றதும் ஒரே ஒரு பக்கம் உருவாக்குங்கள். பள்ளியின் பெயர், சேர்க்கை விவரம், பிள்ளைகள் எழுதிய ஒரு கதை போதும். எந்தக் கணினி வாங்கலாம் என்பதை அந்தப் பக்கமே உங்களுக்குச் சொல்லும்.