நடு ஹாலில் தொலைந்த தந்தி

வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்தித் தருவது என் தொழில். "பெரிய சப்-ஊஃபர் வாங்கியும் பேஸே வரலை சார்" என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போனால், நான் முதலில் பார்ப்பது சோபா எங்கே கிடக்கிறது என்பதைத்தான்.

தாம்பரத்தில் ஒரு வீடு. 14 அடி நீள ஹால், நட்டநடுவில் சோபா. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இளையராஜா பாடல்களில் வரும் பேஸ் கிடாருக்காகவே செட் வாங்கியவர். அந்தக் கிடாரின் தடித்த தந்தி மட்டும் அவர் காதுக்கு எட்டவே இல்லை. அவர் மனைவியோ, "பின்சுவர்கிட்ட நின்னா ஜன்னலே அதிருதுங்க" என்றார். இருவர் சொன்னதும் உண்மை.

எப்படி என்கிறீர்களா? அந்தத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அதாவது 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலி அலையின் நீளம் சுமார் 28 அடி. ஹாலின் நீளம் அதில் சரிபாதி. இப்படி அமைந்துவிட்டால், போகும் அலையும் சுவரில் மோதித் திரும்பும் அலையும் சேர்ந்து இரு சுவரோரமும் ஒலியைக் கூட்டிவிடும். நடுவில் கிட்டத்தட்ட அழித்துவிடும். வால்யூமை ஏற்றினால் ஜன்னல்தான் இன்னும் அதிரும். நம் வீட்டுச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் இந்த ஆழ்ந்த ஒலியை அதிகம் உறிஞ்சுவதில்லை என்பதால் நமக்கு இந்தத் தொல்லை கூடுதல்.

சோபாவை இரண்டடி பின்னால் தள்ளினோம். தந்தி பேசத் தொடங்கியது.

அடுத்தது சப்-ஊஃபர் பெட்டிக்கு இடம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சப்-ஊஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் ஏறி இறங்கி நடக்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். காதைத் தரையோரம் தாழ்த்தி, சுவரை ஒட்டியே தவழ்ந்து வாருங்கள். ஓரிடத்தில் குமுறும், ஓரிடத்தில் வற்றும். எல்லா ஸ்வரமும் ஒரே பலத்தோடு கேட்கும் இடத்தில் பெட்டியை வைத்துவிடுங்கள். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அவற்றுக்கு இடையே அறை செய்யும் வேலை மாறாது. அதனால்தான் இது பலிக்கிறது. ஆசிரியருக்கு முட்டி வலி. பேரன் தவழ்ந்து போய் ஜன்னல் திரைக்குக் கீழே, "தாத்தா, இங்க!" என்றான். பெட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நேரம் நெருங்குகிறது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். ரிசீவரில் சின்ன ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, எந்த ஒலிக்குக் கீழே சப்-ஊஃபர் பொறுப்பேற்கும் என்ற எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சப்-ஊஃபரின் ஃபேஸ் சுவிட்சில் 0, 180 இரண்டையும் போட்டுப் பாருங்கள். எதில் பேஸ் கனமாக வருகிறதோ அதில் விடுங்கள். கண்ணை மூடினால் சப்-ஊஃபர் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அதன் வால்யூமைக் குறையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைச் செய்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்று மட்டும், இரவு பத்து மணிக்கு மேல் பேஸைக் குறைத்து வையுங்கள். அது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே குழந்தைகள் தூங்குவார்கள்.