இறப்பர் விலையும் பிறந்த ஊரும்

(வவுனியாவில் உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். ஹிட்லர், முசோலினி என்று தொடங்குவதே வழக்கம். நாமோ சட்டத் தொழில் செய்பவர்கள். எம் கண் முதலில் காகிதத்தின்மேற் செல்லும். ஆதலின் தகரப் பெட்டி ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். அத்தகைய பெட்டி இங்குள்ள பலர் வீட்டிலும் உண்டு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னும் அதற்கு முன்னும் மலைநாட்டிலிருந்து வந்து, வன்னிக் காட்டை வயலாக்கியவர்களின் மக்களன்றோ உங்களிற் பலர்!

1929 ஒக்டோபரில் நியூ யோர்க் பங்குச் சந்தை சரிந்தது. மோட்டார் வண்டி வாங்குவார் குறைந்தனர். வண்டி விற்காவிடின் டயர் எதற்கு? டயர் வேண்டாவிடின் இறப்பர் எதற்கு? கேகாலையிலும் களுத்துறையிலும் தோட்டங்கள் பல பால்வெட்டை நிறுத்தின. 1929 தொடக்கத்தில் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமென நிர்ணயித்த நாட்கூலியும் 1931 தொடக்கம் 1933 வரை படிப்படியாக வெட்டப்பட்டது. நடேசையர் அதை எதிர்த்து முழங்கினார். வேலை இழந்தோர் பல்லாயிரவர் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடி சென்றனர்.

அவர்களுள் ஒரு குடும்பத்தின் ஏடுகளை நாம் பார்த்தோம். தந்தை 1904இல் இலங்கையிற் பிறந்தவர். அவர் தந்தை இந்தியாவிலிருந்து வந்தவர். மூத்த மகன் 1928இல் கேகாலைத் தோட்டத்து லயத்திற் பிறந்தான். 1932இல் தோட்டம் மூடப்பட்டது. குடும்பம் திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிற்று. இளையவன் அங்கே பிறந்தான். 1934இல் சர்வதேச இறப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கை வந்து விலை தேறவே, நால்வரும் மீண்டனர்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்தவனுக்குத் தந்தையும் இலங்கையிற் பிறந்திருந்தாற் போதும். வெளியே பிறந்தவனுக்கோ தந்தையும் தந்தையின் தந்தையும், அன்றேல் பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவன் பிரசை, இளையவன் அந்நியன்! இருவரையும் பிரித்தது குருதியோ ஒழுக்கமோ அன்று. 1932ஆம் ஆண்டு இறப்பர் விலை.

பிறப்புப் பதிவு இந்நாட்டிற் கட்டாயமானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். பூட்டன் பிறந்த ஊரைக் காட்டென்று கேட்டால், சட்டம் கற்ற எம்மிற் பலரே தடுமாறுவோம்.

1949இல் இந்திய பாக்கிஸ்தானியர் சட்டம் வேறொரு வழியைத் திறந்ததென்பர். 1946 சனவரி முதல் திகதிக்கு முன், மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒருமுறை வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். இங்கேயும் உலக நிகழ்ச்சி குறுக்கே நின்றது. இலங்கை அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலைநீக்கத் தொடங்கியதும், 1939 ஓகஸ்டு முதல் திகதி இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடுத்தது. அடுத்த மாதமே ஐரோப்பாவிற் போர் மூண்டது. நாம் சொன்ன தாய் அவ்வாண்டு யூலையிலேயே, நோயுற்ற தன் தாயைப் பார்க்க இளையவனோடு ஊருக்குப் போயிருந்தாள். அவர்கள் திரும்ப மூன்றாண்டாயிற்று. இளையவன் பெயர் பதிவாகவில்லை.

அச்சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தனர். பதிவு பெற்றவர் ஏறக்குறைய 1,34,000 பேரே. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. இளையவன் மனைவி மக்களோடு தலைமன்னாரில் மீண்டும் கப்பலேறினான். மூத்தவன் பின்னாளில் வவுனியாவுக்கு வந்தான்; அவன் பேரன் இந்த அவையில் இருக்கிறான்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரசாவுரிமை வழக்கு முடிந்ததென்று கூறி, பழைய காகிதங்களை எரிப்பாருளர். வேண்டாம், எரியாதீர்கள். துறைமுகச் சீட்டோ, பத்துச்சீட்டோ, செல்லரித்த செக்ரோல் துண்டோ, எதுவாயினும் எடுத்து வையுங்கள். அடுத்த ஞாயிறு முதல் எம் இளைஞர் இருவர் நோட்டுப் புத்தகத்தோடு வீடுவீடாக வருவர். உங்கள் வீட்டு மூத்தோர் எத்தோட்டத்தில் இருந்தனர், எவ்வாண்டு போயினர், எவ்வாண்டு வந்தனர், கைக்குழந்தை யார் என்று கேட்பர். ஆச்சிமார் வீட்டிலிருக்கும் நேரத்தை முன்கூட்டியே எமக்கு அறிவியுங்கள்.