கதவடைத்தவர்களும் கடல் கடந்தவனும்

(மாணவர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கட்டணம் கட்ட வழியின்றி வகுப்பறையை விட்டு வெளியே வந்தவன். மேடையையே பள்ளியாக்கிக் கொண்டவன். அப்படிப்பட்டவனை மாணவர் விழாவுக்கு அழைத்திருக்கிறீர்களே, எதைப் பேசுவது என்று எண்ணிப் பார்த்தேன். பட்டம் பெற்றவர் பட்டத்தின் பெருமையைப் பேசுவார். வாசலில் நின்றவனுக்குத்தான் வாசற்கதவின் கனம் தெரியும். ஆகவே, கதவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான் நாடகம் எழுதுகிறவன். எதையும் காட்சியாகக் காண்பது என் வழக்கம். முதற்காட்சியைக் காணுங்கள். ஆண்டு 1824. இடம் நியூயார்க் நகரம். அமெரிக்க விடுதலைப் போரிலே வாளேந்திய பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஆப்பிரிக்க இலவசப் பள்ளிக்கு வருகை தருகிறார். வரவேற்புரை வழங்க எழுந்து நிற்கிறான், 11 வயதுச் சிறுவன். விடுதலைக்காகப் போரிட்ட வீரரை வாழ்த்தி வரவேற்கிறான். வரவேற்ற சிறுவனோ, விடுதலை பெறாதவன்! அடிமைப் பெண்ணின் வயிற்றிலே 1813-ஆம் ஆண்டு பிறந்தவன். அவன் பெயர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித்.

1827 ஜூலை 4. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை ஒழிந்தது. 14 வயதில் அவன் விடுதலை பெற்றான். சட்டம் விலங்கை அவிழ்த்தது. வயிறு வேலையைத் தேடச் சொன்னது. கொல்லன் உலையிலே வேலைக்குச் சேர்ந்தான். ஒரு கையிலே துருத்தியின் பிடி, மறு கையிலே லத்தீன் இலக்கண நூல். அந்தக் கோலத்தை அவனுடைய பள்ளித் தோழர் கார்னெட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். உலையிலே இரும்பு பழுத்தது. உள்ளத்திலே அறிவு பழுத்தது.

மருத்துவம் பயில வேண்டும் என்று விரும்பினான். நியூயார்க்கிலேயே கொலம்பியா கல்லூரி இருந்தது. விண்ணப்பித்தான். லத்தீன் தெரியுமா? தெரியும். கிரேக்கம் தெரியுமா? தெரியும். பிறகு ஏன் மறுத்தார்கள்? தோல் கறுப்பு! அதுதான் குற்றம், அதுதான் தீர்ப்பு. நோயாளியின் நாடியைப் பிடிக்க விரல் வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். அந்த விரலின் நிறம் என்ன என்று கேட்டார்கள் அவர்கள்.

தம்பி! இங்கேதான் பலர் திரும்பிப் போகிறார்கள். "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த இளைஞன் போகவில்லை. போகவிடாமல் அவனைப் பிடித்து நிறுத்தியவர் ஒருவர் உண்டு: பீட்டர் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பாதிரியார். "இந்த நாட்டுக் கதவு மூடியிருந்தால், இன்னொரு நாட்டுக் கதவைத் தட்டுவோம்" என்று முடிவு செய்தார்கள். அவரும் அடிமை முறையை எதிர்த்த அன்பர்களும் பணம் திரட்டினார்கள். ஒரு தனி மனிதனின் விண்ணப்பம், ஓர் இனத்தின் விண்ணப்பமாக மாறியது.

எந்த நாட்டுக்குப் போவது? இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் அந்நாளில் சேர வேண்டுமானால், ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். ஸ்காட்லாந்திலோ, மாணவனிடம் அந்த மதச் சோதனை இல்லை. மருத்துவக் கல்வியிலும் ஸ்காட்லாந்து புகழ் பெற்றிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவனை ஏற்றுக்கொண்டது. 1832-இல் கப்பலேறினான். லிவர்பூலில் இறங்கிக் கிளாஸ்கோ சேர்ந்தான்.

1835-இல் இளங்கலைப் பட்டம். 1836-இல் முதுகலைப் பட்டம். 1837-இல் மருத்துவப் பட்டம். ஐந்தே ஆண்டுகளில் மூன்று பட்டங்கள்! மருத்துவப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பர் என்ற வரலாறு அங்கே எழுதப்பட்டது. படிப்போடு நின்றாரா? இல்லை. கிளாஸ்கோ அடிமை ஒழிப்புச் சங்கம் தோன்றியபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவராகவும் நின்றார்.

இப்போது கேட்கிறேன் தோழர்களே! கடலைக் கடந்தபோது அந்த இளைஞனின் மூளை மாறியதா? அதே மூளை. அதே லத்தீன். அதே கறுப்புத் தோல். நியூயார்க்கில் தகுதியற்றவன், கிளாஸ்கோவில் மூன்று பட்டத்துக்கு உரியவன்! மாறியது மாணவன் அல்ல, கதவு. தகுதி, தகுதி என்று முழங்குகிறார்களே, அவர்கள் அளந்தது மாணவனின் தகுதியை அல்ல. அவர்கள் காட்டிக்கொடுத்தது தங்கள் கதவின் தகுதியை!

கிளாஸ்கோவைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். உண்மையை மறைத்துப் பேசினால் அது உரையாகாது. புகையிலையிலும் சர்க்கரையிலும் செழித்த நகரம் அது. அந்தச் செழிப்புக்குப் பின்னே அடிமைகளின் முதுகுத் தழும்பு உண்டு. அடிமை வாணிபத்தால் திரண்ட செல்வம் தன் கருவூலத்துக்கும் வந்தது என்று அந்தப் பல்கலைக்கழகமே 2018-இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. அடிமைப் பணம் ஒரு வாசல் வழியே வந்தது; அடிமையாகப் பிறந்த மாணவன் மறு வாசல் வழியே வந்தான். வரலாறு அப்படித்தான். வெள்ளை, கறுப்பு என்று இரண்டே வண்ணத்தில் அது தன்னைத் தீட்டிக்கொள்வதில்லை.

அடுத்த காட்சி 1837. பட்டத்தோடு தாயகம் திரும்பத் துறைமுகத்துக்கு வருகிறார் டாக்டர் ஸ்மித். கறுப்பருக்கு இடமில்லை என்று மறுக்கிறான் ஒரு கப்பல் தலைவன். பட்டத்தைக் கண்டும் தோலைத்தான் பார்த்தான்! "மதிக்கிற ஊரிலேயே இருந்துவிடலாமே" என்று எவருக்கும் தோன்றும். அவரோ வேறு கப்பல் தேடித் திரும்பினார். கதவடைத்த அதே நியூயார்க்குக்குத் திரும்பினார்.

திரும்பி வந்து என்ன செய்தார்? மருத்துவத் தொழிலைத் தொடங்கினார், மருந்தகம் நடத்தினார். கறுப்பின அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மருத்துவராகத் தொண்டாற்றினார். அவருடைய மருத்துவ அறிவு நோயை மட்டுமா விரட்டியது? பொய்யையும் விரட்டியது!

1840-இல் அமெரிக்கா மக்கள் தொகையைக் கணக்கெடுத்தது. விடுதலை பெற்ற வடபுலக் கறுப்பரிடையே பைத்தியம் மிகுதி என்று கணக்குக் காட்டியது. உடனே துள்ளினார்கள் அடிமை முறையின் காவலர்கள். "பார்த்தீர்களா, விடுதலை கொடுத்தால் கறுப்பனுக்குப் புத்தி பேதலிக்கிறது, அடிமைத்தனமே அவனுக்கு நலம்" என்று வாதிட்டார்கள். அமைச்சர் பதவியிலிருந்த கால்ஹூன் 1844-இல் அந்தக் கணக்கையே கேடயமாக்கினார். டாக்டர் ஸ்மித் எழுதுகோலை எடுத்தார். எண்ணை எண்ணால் சந்தித்தார். சில ஊர்களில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. ஆனால் கறுப்பினப் பைத்தியக்காரர்கள் இருப்பதாகக் கணக்கு! ஆளே இல்லாத ஊரில் பைத்தியம் யாருக்கு? கணக்கு எழுதியவனுக்கா, கணக்கை நம்பியவனுக்கா? கிளாஸ்கோவில் கற்ற கல்வி, அன்று ஓர் இனத்தின் மானத்தைக் காக்கும் வழக்கறிஞராக எழுந்து நின்றது.

இத்தனைக்கும் பிறகு மருத்துவ உலகம் அவரை அணைத்துக்கொண்டதா? 1847-இல் நியூயார்க் மருத்துவக் கழகத்தின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டது, சேர்க்க மறுத்தார்கள். 1863 ஜூலையில் வெறிகொண்ட வெள்ளையர் கூட்டம் அந்த அநாதை இல்லத்துக்கே தீ வைத்தது. இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உயிர் தப்பி ஓடினார்கள். 1865 நவம்பரில் டாக்டர் ஸ்மித் கண் மூடினார். அடுத்த மாதம், டிசம்பர் 6 அன்று, அமெரிக்கா முழுவதும் அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த விடியலை, சில வாரங்கள் முந்திச் சாவு மறைத்துவிட்டது.

மறுத்த கழகம் 2018-இல், 171 ஆண்டுகள் கழித்து, மறைந்தவருக்கு உறுப்பினர் தகுதி வழங்கியது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2021-இல் திறந்த கல்விக் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அன்று கதவைச் சாத்தியவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? தட்டியவன் பெயர் கட்டடத்தின் மேலே நிற்கிறது!

தம்பிகளே, தங்கைகளே! நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது, கார்கிவ் நகரத்து நிலவறைகளில் பதுங்கியிருந்த மாணவர்களை நாம் மறக்கவில்லை. ஊதாரித்தனத்தாலா அவர்கள் அங்கே போனார்கள்? இங்கே அரசுக் கல்லூரியில் இடம் குறைவு. தனியார் கல்லூரியிலோ கட்டணம் மலை. அம்மாவின் தாலிக்கொடியும் அப்பாவின் காணி நிலமும் விமானச் சீட்டாக மாறின.

போகிறவரைத் தடுக்க மாட்டேன். கண்ணைத் திறந்துகொண்டு போங்கள் என்பேன். தரகர் சொல்வதை வேதமாக எண்ணாதீர்கள். 2018 முதல் வெளிநாடு சென்று பயிலவும் நீட் தேர்ச்சி வேண்டும். 2021-இல் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த விதிப்படி, படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அங்கே ஓராண்டு, இங்கே ஓராண்டு பயிற்சி வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவம் செய்யும் உரிமையைத் தருகிற பட்டமாகவும் இருக்க வேண்டும். திரும்பி வந்து தகுதித் தேர்வையும் வெல்ல வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் வெறுந்தாள். பணம் கட்டுமுன் கேளுங்கள். கேட்டதை எழுத்தில் வாங்குங்கள்.

கழகத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல். அந்தப் பாதிரியார் இல்லையேல் அந்த மருத்துவர் இல்லை. உங்கள் தெருவிலே துருத்தியும் நூலுமாக ஒரு பிள்ளை இருப்பான். பட்டறையிலே இருப்பான், தறியின் அருகே இருப்பான். அவனைக் கண்டுபிடியுங்கள். விண்ணப்பத்தை நிரப்பக் கைகொடுங்கள். கட்டணத்துக்குக் கைகோத்து நில்லுங்கள். எனக்கு அப்படி ஒரு கை அன்று கிட்டவில்லை. அந்தக் குறை அடுத்தவனுக்கு நேரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

அயல்நாட்டுக் கதவைத் தட்டுவது தவறல்ல. ஆனால் நம் நாட்டுக் கதவு திறக்கிற வரையில், தட்டுகிற கை ஓயக் கூடாது. கிளாஸ்கோ வரையில் போனவர், நியூயார்க்குக்குத் திரும்பியதன் பொருள் அதுதான்.