எண்ணும் பெயரும் எண்ணாப் பெயரும்



வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஆங்கிலம் அலுவலகத்திற்கு மட்டுமன்றி, அண்டை வீட்டாரோடு உரையாடவும் வேண்டியதாகின்றது. சரளமாகப் பேசுவோரும் 'பர்னிச்சர்ஸ்', 'இன்பர்மேஷன்ஸ்' என்று கூறிவிட்டுப் பிறர் நகைக்கக் கண்டு நாணுவதுண்டு. இப்பிழை அறியாமையால் நேர்வதன்று. தாய்மொழி வழியே சிந்திப்பதால் நேர்வது.

தமிழில் 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்பது குற்றமன்று. ஆங்கிலமோ இன்பர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், பர்னிச்சர் ஆகியவற்றைத் தண்ணீரைப் போலப் பிரிவற்ற தொகுதியாகக் கருதுகின்றது. ஆகவே அவற்றின் முன் 'எ', 'ஆன்' என்பன வாரா. பின் 'எஸ்' சேராது. 'மெனி' என்னாது 'மச்' என்றல் வேண்டும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. அரிசியை நாம் எண்ணுவதில்லை, படியால் அளக்கிறோம். ஒன்றைச் சுட்ட வேண்டின் 'ஒரு மணி அரிசி' என்கிறோம். அங்ஙனமே ஆங்கிலேயர் 'எ பீஸ் ஆப் அட்வைஸ்' என்பர்.

எல்லாப் பிழையும் நகைப்போடு முடிவதில்லை. நான் மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில் ஓர் ஒப்பந்தப் பத்திரம் என் கைக்கு வந்தது. அதில் கையொப்பமிட வேண்டியவர் தமிழ் மட்டுமே அறிந்த சிறு வணிகர். 'டாமேஜ்' என்பது சேதம். அது எண்ணாப் பெயர். எஸ் சேர்ந்த 'டாமேஜஸ்' என்பதோ, சட்ட வழக்கில், இழப்பீட்டுத் தொகை. ஒப்பந்தத்தை மீறினால் டாமேஜஸ் செலுத்த வேண்டும் என்றிருந்ததை, 'சேதங்களைச் சீர்செய்ய வேண்டும்' என எழுதிவிட்டேன். பணம் கொடுக்கும் கடமை, பழுது பார்க்கும் கடமையாயிற்று! மேலலுவலர் ஒருவர் உரிய வேளையில் கண்டு திருத்தினார். இன்றேல் அவ்வணிகர் தாம் எதற்கு உடன்பட்டார் என்பதை அறியாமலே கையொப்பமிட்டிருப்பார்.

இதற்கு வழி என்ன? ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பார், அயல்மொழியாளரின் இவ்விடரை உணர்ந்து, எண்ணும் பெயரைச் 'சி' என்றும் எண்ணாப் பெயரை 'யூ' என்றும் குறித்து அகராதி தொகுத்தார். அது 1942-இல் டோக்கியோவிலும், 1948-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகவும் வந்தது. கற்போர்க்கான அகராதிகள் இன்றும் இக்குறிகளைத் தாங்கி நிற்கின்றன. சொல்லின் பொருளோடு இவ்வோர் எழுத்தையும் நோக்குங்கள். நும் மக்களையும் நோக்கப் பழக்குங்கள்.