தேதி இருக்கிறதா?

‘இந்தக் குழந்தையைக் காணவில்லை, பகிருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. மனசு பதறுகிறது. உடனே அனுப்பிவிடுகிறோம். அனுப்புமுன் ஒன்று பாருங்கள். தேதி இருக்கிறதா? எந்தக் காவல் நிலையம் என்று இருக்கிறதா? தேதி இல்லாத செய்தி, காலாவதி தேதி அழிந்துபோன மருந்து மாதிரி. நம்ப முடியாது. பிள்ளை எப்போதோ வீடு வந்து சேர்ந்திருக்கும். நீலச் சட்டையும் படிய வாரிய தலையுமாக, படம் மட்டும் குழு குழுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பாவம், வளர்ந்த பிறகும் அது பிள்ளையைத் துரத்தும். பிள்ளை கிடைத்துவிட்டது என்றால் அதையும் அதே குழுக்களில் சொல்லுங்கள்.

இன்னொன்று. பேருந்து நிலையத்தில் குழந்தை தனியாக அழுதுகொண்டு நின்றால் படம் எடுத்துப் போடாதீர்கள். யார் யார் கண்ணில் படுமோ! கூடவே நின்று குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு. காசு கிடையாது. நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.